நைரோபியில் இரண்டு பகல்



முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு நாடு சுற்றும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அறுபது வயதைக் கடந்த தலைமையாசிரியன் ஒருவனும் அவ்வாறு போகலாம் என்பதற்கு நானே சாட்சி. கென்யா நாட்டுத் துறைமுகமாகிய மொம்பாசாவிலிருந்து ரயிலில் வந்து, விமானம் ஏறும்வரை, தலைநகரான நைரோபியில் எனக்கு இரண்டு பகற்பொழுதுகள் வாய்த்தன.

நைரோபி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. பூமத்திய ரேகைக்கு அருகிலிருந்தும், காலையில் கம்பளிச் சட்டையைத் தேட வைக்கிறது. ‘குளிர்ந்த நீர்’ என்று பொருள்படும் மாசாய் மொழித் தொடரே இவ்வூருக்குப் பெயராயிற்று. இதற்கு நெடிய வரலாறு கிடையாது. மொம்பாசாவில் 1896-இல் தொடங்கிய இருப்புப்பாதை 1899-இல் இவ்விடத்தை அடைந்தது. அப்பால் கடினமான மலையேற்றம். ஏறுவதற்கு முன் தளவாடங்களைக் குவித்துவைக்கச் சமநிலம் வேண்டியிருந்தது. அதற்காக அடித்த கூடாரங்களே நகரமாக வளர்ந்தன. வழியில் தங்குவோருக்காகவே பிறந்த ஊர் என்றால் பிழையில்லை.

அப்பாதையை அமைக்க இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளரை அழைத்துச் சென்றார்கள். பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டனர். விக்டோரியா ஏரி வரையில் பாதையின் நீளம் சுமார் 580 மைல். வகுத்துப் பாருங்கள், மைலுக்கு நான்கு உயிருக்கு மேல் வரும். 1900-ஆம் ஆண்டில் சிங்கம் ஒன்று புகுந்து போலீஸ் அதிகாரி ஒருவரை இழுத்துச் சென்ற ரயில் பெட்டி, நகரின் ரயில்வே காட்சிசாலையில் இருக்கிறது. வருவோர் அந்தச் சிங்கத்தைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு அந்த 2,500 பேரின் நினைவுதான் வந்தது.

நகரின் நடுப்பகுதியில் ஒரே இரைச்சல். ‘மட்டாட்டு’ எனப்படும் சிற்றுந்துகள், பளிச்சென்ற சித்திரங்களும் உரத்த சங்கீதமுமாகப் பறக்கின்றன. சுவாஹிலி மொழியில் ‘டாட்டு’ என்றால் மூன்று. ஒரு காலத்தில் மூன்று பத்துச் சதக் காசுகளே கட்டணமாக இருந்ததால் இப்பெயர் வந்தது என்பார்கள். இன்று பலர் காசையே தொடுவதில்லை. 2007-இல் தொடங்கிய எம்-பெசா முறையில், கைப்பேசியிலேயே பணத்தைச் செலுத்திவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பைகளை 2017-இல் தடைசெய்த நாடு அது. ஆகவே, துணிகளைச் சுற்ற நான் துணிப்பையையே கொண்டுபோயிருந்தேன்.

பை சுமந்து நடப்பவனுக்கு அந்நிய நகரத்தில் முதலில் வேண்டியது காட்சிகள் அல்ல. காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம். நைரோபியில் அப்படிப்பட்ட இடங்கள் தாமாகக் கிடைத்துவிடவில்லை.

கராச்சியில் பிறந்து, ரயில்பாதை வேலையில் ஒப்பந்தக்காரராகப் பொருள் ஈட்டிய அலிபாய் முல்லா ஜீவன்ஜி, 1906-இல் நகரின் நடுவே ஒரு பூங்காவைப் பொதுமக்களுக்கு அளித்தார். 1991-இல் அங்கே வண்டிகள் நிறுத்தும் அடுக்குமாடி எழுப்பத் திட்டமிட்டபோது, அவருடைய மகளே முன்வந்து எதிர்த்தார். அவருக்குத் துணைநின்றவர் வாங்காரி மாத்தாய் என்னும் பேராசிரியை.

இந்த அம்மையாரைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழைப் பெண்களைக்கொண்டு மரம் நடும் பசுமை வளைய இயக்கத்தை 1977-இல் தொடங்கியவர். ‘உஹுரு’ என்றால் சுதந்திரம். அப்பெயருடைய பெரும் பூங்காவில் ஆளுங்கட்சி 1989-இல் 60 மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்ட முனைந்தது. அம்மையார் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். பாராளுமன்றத்தில் அவரை எள்ளி நகையாடினார்கள்; அவருடைய இயக்கத்தை அலுவலகத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவர் அசையவில்லை. முதலீடு செய்ய வந்த அயல்நாட்டார் பின்வாங்கினர், திட்டம் கைவிடப்பட்டது. 1992-இல் அரசியல் கைதிகளின் தாய்மார் அதே பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது அவரும் உடனிருந்தார். போலீசார் அடித்ததில் நினைவிழந்து வீழ்ந்தார். 2004-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மரம் நட்டவருக்குச் சமாதானப் பரிசு எதற்கு என்று அப்போது சிலர் கேட்டார்கள். அவர்கள் இந்தப் பூங்காக்களின் கதையை அறியாதவர்கள் போலும்.

இரண்டாம் நாள் நண்பகலில் ஜீவன்ஜி பூங்காவுக்குப் போனேன். பைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி விடுதியில் எச்சரித்திருந்தார்கள். அது நியாயமான எச்சரிக்கையே; எந்தப் பெருநகருக்கும் பொருந்தும். ஆசனத்தில் இருந்த ஒருவர், “கரிபு, ம்ஸே” என்று சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தார். ‘வாருங்கள், பெரியவரே’ என்பது பொருள். பக்கத்தில் ஒருவர் வேதாகமத்தைக் கையிலேந்தி உரக்கப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். மறுபக்கம் இருபதுபேர் வட்டமாக நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ‘பொதுமக்களின் பாராளுமன்றம்’ என்று அதற்குப் பெயராம். வேலையற்றவரும், வியாபாரியும், மாணவரும் அதில் சம அங்கத்தினர். அன்றைய விஷயம் மாவு விலை என்று பக்கத்திலிருந்தவர் எனக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். ஒருவர் பேசும்போது மற்றொருவர் குறுக்கிட்டால், கூட்டமே கை காட்டி அவரை அமர்த்தியது. என் வகுப்பறைகளில் அவ்வளவு ஒழுங்கு எல்லா நாளும் இருந்ததில்லை.

விமானத்துக்கு நேரமாயிற்று. நான் எழுந்தபோதும் மாவு விலை தீர்மானமாகவில்லை. என் இடத்தில், கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாழைப்பழக்காரி வந்து உட்கார்ந்தாள்.