நாள்தோறும் ஒரு சித்திரம்



செய்தித்தாளைக் கையில் எடுத்ததும் முதற்பக்கத்தை விட்டுவிட்டுச் சித்திரக் கதை உள்ள மூலையைத் தேடுகின்றவர்கள் உங்களுள் பலர் இருத்தல் கூடும். பெரியவர்கள் இதனைக் குறையாகக் கூறுவதுண்டு, நான் கூறமாட்டேன். அம்மூலையின் மூன்று நான்கு கட்டங்களை நாள் தவறாமல் நிரப்புவதற்கு ஒருவர் படும் பாட்டைச் சிறிது எண்ணிப் பார்க்குமாறு மட்டும் வேண்டுவேன்.

அமெரிக்க நாட்டுச் சார்லஸ் ஷூல்ஸ் 'பீநட்ஸ்' என்னும் தொடரை 1950 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கினார். அன்று அதனை வெளியிட்டவை ஏழே பத்திரிகைகள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அவர் வரைந்தவை 17,897 சித்திரங்கள். உதவிக்கு வேறொரு கையை அவர் நாடவில்லை. முதுமையில் கை நடுங்கிய காலத்தும் கோடுகளைத் தாமே இழுத்தார். ஆயினும் அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது. பத்திரிகைகளுக்குச் சித்திரங்களை அனுப்புவதும் பணத்தைப் பெற்றுத் தருவதும் அதன் பொறுப்பாயிருந்தன.

இணையத்தில் வரைகின்றவருக்கு அத்தகைய நிழல் இல்லை. பதிப்பாசிரியரின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டா. இன்று வரைந்ததை இன்றே உலகுக்குக் காட்டலாம். இது பெரிய விடுதலைதான். ஆனால் பார்ப்பவர் பெரும்பாலும் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை. உழைப்பு நாள்தோறும் உண்டு. ஊதியம் என்றோ ஒரு நாள் வரும், வராமலும் போகும்.

ஹோவர்ட் டெய்லர் என்பவரின் வரலாறு இங்கே கருதத்தக்கது. இவரும் அமெரிக்கரே. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே 2000 ஜூன் 12ஆம் நாள் 'ஷ்லாக் மெர்சினரி' என்னும் தொடரை இணையத்தில் தொடங்கினார். வருங்காலத்தில் விண்வெளியில் திரியும் கூலிப்படையினரைப் பற்றிய நகைச்சுவைக் கதை அது. தொடக்க நாட்களின் படங்கள் அழகானவை என்று எவரும் சொல்லார். கோடுகள் முரடானவை, முகங்கள் ஒன்றுபோல் மற்றொன்று. ஆயினும் மறுநாளும் வரைந்தார். அதற்கு மறுநாளும் வரைந்தார். 2004இல் மாதச் சம்பளத்தைத் துறந்து, சித்திரத்தையே பிழைப்பாகக் கொண்டார். மனைவியும் குழந்தைகளும் உடைய ஒருவர் இவ்வாறு துணிவது எளிதன்று. கதையை இணையத்தில் யாவருக்கும் இலவசமாக வழங்கினார். அதனையே நூலாக அச்சிட்டு விற்றார். இலவசமாகப் படித்த ஒன்றை விலை கொடுத்து எவர் வாங்குவர் என்று நீங்கள் கேட்கலாம். படித்துப் பழகியவர்களே வாங்கினர்.

நாள் தவறாமை அவருக்கு எவ்வாறு கைகூடியது? மறை ஒன்றும் இல்லை: முன்கூட்டியே வரைந்து வைத்த கையிருப்பு. வயலில் விளைந்ததை அன்றன்றே உண்டு தீர்க்காமல் குதிரில் சேர்த்து வைக்கும் குடியானவனைப் போல, பல நாட்களுக்குரிய சித்திரங்களை முடித்து வைத்துக்கொண்டார். காய்ச்சல் வந்தாலும் வெளியூர் சென்றாலும் கையிருப்பு குறையும். ஆனால் வாசகனுக்குரிய நாள் வெறுமையாகாது. கையிருப்பு கரைந்துவிட்டாலோ, நள்ளிரவுக்குள் ஒரு நகைச்சுவை தோன்றியே ஆக வேண்டும். நகைச்சுவையோ அழைத்தவுடன் வருவதன்று. பாடக் குறிப்பை முதல் நாளே எழுதி வைக்காத ஆசிரியர் வகுப்பறை வாயிலில் நிற்கும் நிலையை இதனோடு ஒப்பிடலாம்; அதனை நீங்கள் வெளியிலிருந்து நன்கு கண்டிருப்பீர்கள்!

எல்லாருக்கும் நாள்தோறும் என்னும் விரதம் ஏற்றதன்று. ரேண்டல் மன்ரோ 2005இல் தொடங்கிய தம் 'எக்ஸ்கேசிடி' தொடருக்குத் திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாட்களை வகுத்துக்கொண்டார். மனிதர்களைக் குச்சி உருவங்களாகவே வரைந்தார். அவர் முன்பு நாசாவில் பணியாற்றியவர். கணக்கும் பௌதிகமும் அறிந்தவர் அவற்றைக் கொண்டே சிரிக்க வைத்தார். என் கருத்தில், இவ்வகைச் சித்திரத்துக்கு இடைநாட்கள் வேண்டும்; சிந்தனைக்கு அவகாசம் தேவை.

ஏற்றமும் இறக்கமும் ஒரே ஆண்டில் வந்ததும் உண்டு. 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' என்னும் தொடரை 2003 முதல் வரைந்த ரிச் பர்லூ, விற்றுத் தீர்ந்த நூல் ஒன்றை மீண்டும் அச்சிடுவதற்காக 2012இல் வாசகரிடம் 57,750 டாலர் கேட்டார். ஏறத்தாழப் பதினையாயிரம் பேர் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேல் அளித்தனர்! பணத்தோடு கடமையும் பெருகிற்று. ஒவ்வொருவருக்கும் வாக்களித்த நூலையும் பொருளையும் அனுப்ப வேண்டும், புதுக் கதைகளும் எழுத வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவருடைய கை பலமாகக் காயமுற்றது. தொடர் சிறிது காலம் நின்றது. ஒரு மனிதனின் கையை நம்பி நடக்கும் தொழிலில் அக்கைக்கு மாற்றுக் கை இல்லை. வாக்களித்தவை நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின.

டெய்லர் தம் கதையை 2020 ஜூலை 24ஆம் நாள் முடித்தார். கணக்கிட்டால் 7,348 நாட்கள். ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. அது நோயால் நின்றதன்று, வாசகர் கைவிட்டதாலும் அன்று. கதை தன் முடிவை எய்தியது. புதிதாகப் படிக்கப் புகுகின்றவர் முதல் நாளின் முரட்டுக் கோடுகளிலிருந்து தொடங்கலாம். இருபது ஆண்டு உழைப்பைச் சில வாரங்களில் படித்து முடித்துவிடலாம்.