ஒருநாள் உலாவில் மூன்று கவிஞர்கள்



மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்தோர் லெனின்கிராடு என்று அறிந்த நகரம், 1991 முதல் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிற்று. நேவா ஆற்றின் கழிமுகச் சதுப்பில் மகா பீட்டர் 1703-இல் தோற்றுவித்த நகரம் அது. குழுவாகச் செல்வோர்க்கு அங்கே ஒரு பகலே வாய்க்குமாயின், குளிர்கால அரண்மனையின் பொன்னும் பளிங்குமே அதில் பாதியை விழுங்கிவிடும். அவற்றின் அழகைச் சொல்லப் பலர் உளர். கவிதை வட்டத்தார்க்கு அந்நகரில் வேறொரு வழி உண்டு.

முதலில் செனட் சதுக்கம். பிரெஞ்சுச் சிற்பி ஃபால்கோனே வடித்த பீட்டரின் குதிரைச் சிலை 1782-இல் அங்கே திறக்கப்பெற்றது. அதை இன்று உலகம் ‘வெண்கலக் குதிரைவீரன்’ என்றழைப்பது, புஷ்கின் 1833-இல் எழுதிய நெடுங்கவிதையின் பெயரால். 1824-ஆம் ஆண்டு வெள்ளத்தில் காதலியை இழந்து சித்தம் கலங்கிய ஓர் எளிய எழுத்தர், அக்கவிதையில் அச்சிலையை நோக்கிச் சினந்து நிற்கிறார். ஜார் முதலாம் நிக்கலாய் இட்ட தடைக்குறிகளால் கவிஞரின் வாழ்நாளில் அது முழுமையாக அச்சேறவில்லை. எனினும் பேரரசி நாட்டிய சிலைக்குக் கவிஞன் தந்த பெயரே நிலைத்தது.

தனிச்சமரில் காயமுற்ற புஷ்கின் 1837-இல் உயிர்நீத்த வீடு, மொய்கா ஆற்றங்கரையில் 12-ஆம் எண். நூல்கள் சூழ்ந்த அறை. அங்கே எவரும் உரக்கப் பேசுவதில்லை.

ஃபொன்தாங்கா ஆற்றோரத்து ‘நீரூற்று இல்லம்’ நெடுநேரம் நிற்க வேண்டிய இடம். அன்னா அக்மதோவா பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்தார். 1938-இல் மகன் லெவ் சிறைப்பட்டார். சிறைவாயிலில் பெண்களோடு வரிசையில் காத்து நின்ற துயரமே ‘இரங்கற்பா’ என்னும் கவிதைத் தொகுதியாயிற்று. அதை எழுதி வைத்தலே குற்றமாகக் கூடிய காலம். துண்டுத்தாளில் சில அடிகளை எழுதி, தோழி லிதியா சுகோவ்ஸ்கயாவிடம் நீட்டுவார். தோழி ஓசையின்றிப் படித்து மனனம் செய்வார். ஒட்டுக்கேட்போர் செவிக்காகத் தேநீரைப் பற்றியும் பருவநிலையைப் பற்றியும் பேச்சு நடக்கும். தாள் சாம்பல் கிண்ணத்தில் எரியும். கால் நூற்றாண்டுக் காலம் சில நெஞ்சங்களே அக்கவிதைக்கு ஏடுகள். 1963-இல் மியூனிக்கில் வெளிவந்த அந்நூல், சோவியத் மண்ணில் அச்சானது 1987-இல்தான். மனனத்தைப் பழம்பஞ்சாங்கம் என்று ஒதுக்கும் இளங்கவிஞர்கள் இவ்வில்லத்தில் சற்றே நிற்கலாம். 1989 முதல் அது அருங்காட்சியகம்.

நகரின் வடபுறத்துப் பிஸ்கர்யோவ்ஸ்கோயே கல்லறைத் தோட்டம், அவசரப் பயணத் திட்டங்களில் எளிதில் விடுபட்டுப் போகும். நாஜிப் படைகளின் 872 நாள் முற்றுகை 1944 ஜனவரி 27-இல் முறிந்தது. அதில் மாண்டோருள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அங்கே கூட்டுக் குழிகளில் துயில்கின்றனர். மேடுகளில் பெயர்கள் இல்லை. ஆண்டு மட்டுமே உண்டு. முற்றுகை நாட்களில் வானொலியில் அந்நகரத்தாருக்குக் கவிதை படித்தவர் ஒல்கா பெர்க்கோல்ட்ஸ். 1942 ஜனவரியில் கணவர் பட்டினியால் இறந்தார். அதன் பின்னும் அவர் படிப்பதை நிறுத்தவில்லை. நிகழ்ச்சி இல்லாத பொழுதுகளில் தாளமானியின் துடிப்பு மட்டும் ஒலிபரப்பாயிற்று. 1960-இல் திறக்கப்பெற்ற அந்நினைவிடத்தின் கருங்கல் சுவரில் செதுக்கியிருப்பவை அவருடைய சொற்கள்.

ரஷ்ய எழுத்தறியாத குழுவினர் அச்சுவரைப் படமெடுத்துத் திரும்பிவிடுவர். வழிகாட்டியை நிறுத்தி, முதலில் ரஷ்ய மொழியிலேயே ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். பொருளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பேருந்து காத்திருக்கும்.