அரண்மனைக்காரன் தெருவில் ஓர் ஆர்மீனியக் கோயில்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தோற்றுவாய்

எளாவூரில் ரயிலேறிச் சென்னைக்குச் சென்று பாரிமுனைப் பக்கம் நடப்போர், அரண்மனைக்காரன் தெரு என்னும் பெயரைக் கேட்டிருப்பர். அத்தெருவில் அரண்மனை ஏதுமில்லை, இருந்ததும் இல்லை. 'ஆர்மீனியன் தெரு' என்பதே அதன் ஆங்கிலப் பெயர். 'ஆர்மீனியன்' என்னும் அயற்சொல் சென்னை மக்களின் நாவில் புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆயிற்று. பொருள் விளங்காத சொல்லைப் பொருள் விளங்கும் சொல்லாக்கிக் கொள்வது மக்கள் வழக்கின் இயல்பு. ஆயின் அம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. சொல் தங்கிவிட்டது, அச்சொல்லுக்குரிய மக்கள் நினைவிலிருந்து நீங்கிவிட்டனர். அம்மக்கள் எழுப்பிய புனித மரியன்னை தேவாலயம் மட்டும் அத்தெருவில் இன்றும் நிற்கிறது.

பழவேற்காட்டுத் தொடர்பு

இவ்வரலாற்றின் தொடக்கப் பக்கம் ஒன்று எளாவூரை அடுத்த ஏரிக்கரையிலேயே எழுதப்பட்டது. 1517-ஆம் ஆண்டில் மலாக்காவிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் சிலர் பழவேற்காட்டில் கரையிறங்கினர். உடன் வந்த ஆர்மீனிய வணிகர்களே அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று, தோமையாரின் கல்லறை இருந்த இடத்தைக் காட்டினர். போர்த்துக்கீசியருக்கு முன்பே ஆர்மீனியர் இக்கரையை அறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613-இல். சென்னையில் ஆங்கிலேயர் காலூன்றியது 1639-இல். இவ்விரண்டுக்கும் முற்பட்டது ஆர்மீனியரின் வழித்தடம்.

ஆர்மீனியர் யாவர்?

காக்கேசிய மலைநாட்டைச் சேர்ந்த ஆர்மீனியர் கி.பி. 301-இல் கிறித்தவத்தை அரச சமயமாக ஏற்றனர் என்பது மரபு. 451-இல் கூடிய கால்சிடன் சங்கத்தின் முடிவை ஏற்காது தனித்து நின்ற கீழைத்தேய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளுள் அவர்களுடையதும் ஒன்று. கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் எகிப்தியரின் காப்டிக் சபையும் இக்குடும்பத்தைச் சார்ந்தவை. 405-ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்னும் துறவி அவர்தம் மொழிக்கென எழுத்தை வகுத்தார். நாட்டை இழந்த காலத்தும் அம்மக்கள் எழுத்தை இழந்திலர்.

பாரசீகப் பேரரசர் ஷா அப்பாஸ் 1604-இல் ஜுல்பா நகரத்து ஆர்மீனியரைப் பெயர்த்துத் தம் தலைநகரான இஸ்பகானுக்கு அருகில் குடியமர்த்தினார். அப்புதிய ஜுல்பாவிலிருந்தே பட்டும் மணியும் துணியும் விற்கும் வணிகர் உலகெங்கும் பரவினர். அவர்தம் வணிகத்தைத் தம்பக்கம் ஈர்க்க விரும்பிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1688-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. கம்பெனியின் ஊர்களில் நாற்பது ஆர்மீனியர் வாழுமிடத்து அவர்கட்குக் கோயில் கட்டித் தரப்படும். அங்குப் பணியாற்றும் குருவுக்கு ஏழாண்டுக் காலம் ஆண்டுக்கு 50 பவுன் அளிக்கப்படும் என்பன அதன் கூறுகள்.

சென்னை ஆர்மீனியரின் கோயில் 1712-இல் தோன்றியது. இன்று காணும் கட்டடம், அவர்கள் தம் இறந்தோரைப் புதைத்துவந்த நிலத்தில் 1772-இல் எழுந்ததாகும். வாழ்வோர் வழிபடும் இடமும் மாண்டோர் துயிலும் இடமும் ஒன்றேயாக அமைந்தமைக்கு இதுவே காரணம்.

கட்டட அமைப்பு

ஆர்மீனியத் தாயகத்துக் கோயில்கள் எரிமலைக் கல்லால் ஆனவை. நடுவே கூம்பு வடிவக் குவிமாடம் வானை நோக்கி நிற்கும். எட்ச்மியாட்சின் பேராலயம் இதற்குத் தலையாய சான்று. சென்னைக் கோயிலோ இம்மண்ணின் பொருள்களால், இம்மண்ணின் வெயிலுக்கு ஏற்ப எழுந்தது. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நிழல் தரும் நீண்ட தாழ்வாரம் என அக்காலச் சென்னை வீடுகளின் இலக்கணமே இங்கும் காணப்படுகிறது. பழஞ்சென்னையின் பளிங்கு போன்ற பூச்சுக்குக் கடற்கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பே உயிர். ஏரியில் கிளிஞ்சல் அள்ளிக் காளவாயில் சுட்ட தொழிலை அறிந்த இவ்வட்டார மக்களுக்கு அவ்வெண்மையின் பின்னுள்ள உழைப்பை விளக்க வேண்டுவதில்லை.

தெருவிலிருந்து பெரிய மரக்கதவைக் கடந்தால் முற்றம். ஈழத்தலரி மரங்களின் நிழலில், தரையோடு தரையாகப் பதிந்த கல்லறைக் கற்கள். ஏறத்தாழ 350 ஆர்மீனியர் இங்குத் துயில்கின்றனர். கற்களில் பொறித்த எழுத்து ஆர்மீனியம். அதனைப் படிக்கத் தெரிந்தவர் இன்று இந்நகரில் அரியர்.

மணிக்கூண்டு

கோயிலை ஒட்டாது தனித்து நிற்பது மணிக்கூண்டு. அதில் ஆறு மணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ எடையுள்ளது. அவை வெவ்வேறு காலத்தன. ஒரு மணி, 19 வயதில் இறந்த எலியாசர் ஷாமிர் என்னும் இளைஞனின் நினைவாக 1778-இல் வார்க்கப்பட்டது. 1837-ஐச் சேர்ந்த இரு மணிகள் இலண்டன் தாமஸ் மியர்ஸ் வார்ப்படச் சாலையின் பெயரைத் தாங்குவன.

இலக்கிய வட்டத்தார் மனங்கொள்ள வேண்டியது இவற்றுள் மூத்த மணியையே. 1754-ஆம் ஆண்டு ஆர்மீனியப் பொறிப்புக் கொண்ட அம்மணி 1808-இல் மீண்டும் வார்க்கப்பட்டது. அப்போது அதில் சேர்ந்த பொறிப்பு தமிழில் அமைந்தது! கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். அதன் கல்வெட்டு ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் இருந்தது. நாளும் அப்பாலத்தில் நடந்த மக்களின் மொழி அதில் இடம்பெறவில்லை. அப்பாலத்தின் இடத்தில் இன்று நிற்கும் பாலமோ மறைமலையடிகள் பெயரைத் தாங்குகிறது. கல்லில் இடம்பெறாத தமிழ், எண்பது ஆண்டுகளுக்குப்பின் மணியில் இடம்பெற்றது. அந்நியராய் வந்தோர் அண்டை அயலாராக மாறிய வரலாற்றை அவ்வெண்கலம் சொல்லாமற் சொல்கிறது.

எழுத்தும் அச்சும்

இக்கோயிலின் குருவாக விளங்கிய ஹாருத்யுன் ஷ்மாவோனியன் 1794-இல் 'அஸ்தரார்' என்னும் இதழைத் தொடங்கினார். உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. ஆர்மீனியாவில் அன்று, சென்னையில்! 1796-இல் அது நின்றுபோயிற்று; வெளிவந்தவை 18 இதழ்களே. சிற்றிதழ் நடத்திக் கைப்பொருள் இழந்தோர்க்கு இக்கணக்கின் பொருள் நன்கு விளங்கும். எனினும் ஆர்மீனிய இதழியலின் வரலாறு அப்பதினெட்டிலிருந்தே தொடங்குகிறது. 1824-இல் மறைந்த ஷ்மாவோனியன் இக்கோயில் முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஓர் இதழின் பெருமை அது நீடித்த ஆண்டுகளால் மட்டும் அளக்கப்படுவதன்று.

நிறைவுரை

2012-இல் முந்நூறாண்டு கண்ட இக்கோயிலில் ஞாயிறுதோறும் மணி ஒலிக்கிறது. கொல்கத்தாவிலுள்ள ஆர்மீனியத் திருச்சபைக் குழு இதனைப் பேணி வருகிறது. வழிபாட்டுக்குக் கூடப் போதிய ஆர்மீனியர் சென்னையில் இல்லை. அழைப்பு இருக்கிறது, அழைக்கப்படுவோர் இல்லை.

இந்நிலை ஆர்மீனியர்க்கு மட்டும் உரியதன்று. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைகள் தொல்லியல் துறையின் காவலில் நிற்கின்றன. கெல்ட்ரியா கோட்டை மண்மேடாய்க் கிடக்கிறது. ஏரியை நம்பி வாழும் மீனவர்தம் பாட்டும், பாட்டின் துறைச்சொற்களும் கல்லிலும் ஏறாதவை, வெண்கலத்திலும் ஏறாதவை. அவற்றைப் பேசும் நா ஓய்ந்தால் 'அரண்மனைக்காரன்' போன்ற ஒரு மருவிய சொல்லேனும் எஞ்சுமா என்பது ஐயமே. பெயரை வழங்குவது மக்கள் பணி. அப்பெயரின் பின்னுள்ள மக்களை மீட்டெடுப்பது புலமையின் பணி. இரண்டாம் பத்தாண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், கவிதை படிப்பதோடு ஏரிக்கரை ஊர்களின் சொற்களைத் தொகுத்து அச்சேற்றுவதையும் தன் கடனாகக் கொள்ளுமாயின், அது பதினெட்டு இதழ்களே ஆயினும் போதும். அடுத்த தலைமுறை அதிலிருந்து தொடங்கும்.