எழுத வாருங்கள், இளந்தோழர்களே!
(ஆம்பூர் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

"நமக்கெல்லாம் எழுத வருமா?" என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சிறுவனாகச் சென்னை வந்து, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தோழர்களிடையே வளர்ந்தார். ஜனசக்தி அச்சகத்தில் உழைத்தார். அங்கு கேட்ட பேச்சும் விவாதமுமே அவருக்குக் கல்லூரி! 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அவரைத் தேடி வந்தது.

எழுதுகிறவனுக்குப் படித்துப் பார்க்கவும், குறை சொல்லவும், தட்டிக் கொடுக்கவும் நாலு பேர் வேண்டும். அதற்காகவே தோழர் ஜீவா 1959ல் 'தாமரை' ஏட்டைத் தொடங்கினார். 1961ல் கலை இலக்கியப் பெருமன்றம் கண்டார். 1975ல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பிறந்தது.

திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வை வழக்கறிஞர் டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக்கினார். 2012ல் அது சாகித்ய அகாதமி பரிசு பெற்றது.

நம் பாலாற்றங்கரைக் கதையை யார் எழுதுவது? 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் பட்ட பாட்டை, பக்கத்தில் நின்று வேலை செய்தவன் அல்லவா அறிவான்!

ஆகவே சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கும் தம்பியே, ஷூ கம்பெனியில் தைக்கும் தங்கையே, கழனியில் நாற்று நடும் தாயே, எழுதுங்கள்! எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதிக்கொள்ளட்டும். மாதம் ஒரு மாலை சங்கக் கட்டிடத்தில் கூடி உரக்கப் படியுங்கள். கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்துங்கள். இந்த மாதமே தொடங்குங்கள், தோழர்களே!