கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள்



பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்த்தும், காட்டில் களை வெட்டியும் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். அங்கே மூத்த மாணவர் சிலர் அவனை மண்டியிடச் சொல்கிறார்கள், அடிக்கிறார்கள். கேட்டால் விளையாட்டாம்! இதுதான் ராகிங்.

1996-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவன் நாவரசு இந்த "விளையாட்டில்" கொல்லப்பட்டான். அவன் தகப்பனார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அவர் மகனுக்கே அந்தக் கதியென்றால், கூலிக்காரன் மகனுக்கு யார் காவல்? கொன்ற மூத்த மாணவனுக்கு ஆயுள் தண்டனையை சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது 2011-ல்தான்.

அக்கொலைக்குப் பின், 1997-ல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். புகாரைக் கிடப்பில் போடும் கல்லூரித் தலைவரும் உடந்தைக் குற்றவாளியே.

தனியாக நின்றபோது மேஸ்திரியின் வசவுக்குக் குனிந்தோம். சங்கமாய்ச் சேர்ந்து நிமிர்ந்தோம். பிள்ளைகளுக்கும் அதுவே வழி. "பயப்படாதே கண்ணு, வீட்டில் சொல்லு, நாலு பேராய்ச் சேர்ந்து புகார் கொடு" என்று சொல்லி அனுப்புங்கள். 1800-180-5522 என்ற இலவச எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள்: அடுத்த வருஷம் அவனும் மூத்தவன். தான் பட்ட அடியைப் புதிதாய் வருகிறவன் முதுகில் இறக்கக்கூடாது!