சண்டைக்கே போகாத போர்க்கப்பல்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கன்னங்கரேலென்று ஒரு நெடிய கப்பல் நிற்கிறது. மூன்று பாய்மரங்கள், அவற்றுக்கு நடுவே இரண்டு புகைபோக்கிகள். பெயர் வாரியர். விக்டோரியா மகாராணி காலத்துக் கப்பல் இது.

1858-இல் பிரான்ஸ் 'குளுவார்' என்ற போர்க்கப்பலைக் கட்டத் தொடங்கியது. மரக்கப்பல்தான், ஆனால் மேலே இரும்புக் கவசம் பூண்டது. பிரிட்டிஷ் கடற்படையிலோ பெரிய கப்பல்கள் எல்லாமே வெறும் மரம். தூக்கம் போய்விட்டது அவர்களுக்கு. ஐசக் வாட்ஸ் என்ற நிபுணரின் வடிவமைப்பில், தேம்ஸ் நதிக்கரையில், வாரியரின் உடல் முழுவதையும் இரும்பாலேயே கட்டத் தொடங்கினார்கள். பீரங்கிகள் நிற்கும் நடுப்பகுதிக்கு வெளியே நாலரை அங்குல இரும்புத் தகடு, அதன் முதுகில் 18 அங்குலக் கனத்துக்குத் தேக்கு. குண்டு வந்து மோதினால் அதிர்ச்சியைத் தேக்கு வாங்கிக்கொள்ளும்.

1860 டிசம்பர் 29, வெள்ளோட்ட நாள். கடுமையான குளிர். கப்பல் சறுக்குமேடையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. இழுவைப் படகுகள் இழுக்க, மேல்தளத்தில் ஆட்கள் கும்பலாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஆட்டிக்கொடுத்த பிறகுதான் தண்ணீரில் இறங்கியது.

பாயும் நீராவியும் சேர்ந்த கப்பல் என்று சொல்வது சுலபம். ஓட்டியவர்களுக்கு அல்லவா தெரியும்! நல்ல காற்று அடித்தால் நிலக்கரியை மிச்சம் பிடிக்கப் பாய் விரிப்பார்கள். ஆனால் அடியில் சும்மா கிடக்கும் உந்துவிசிறி தண்ணீரைத் தடுத்து வேகத்தைக் கெடுக்கும். ஆகவே அதைக் கப்பலுக்குள் தூக்கிவிட வேண்டும். எடை 26 டன்! 600 பேர் வரை கயிறு பிடித்து இழுக்க வேண்டிய வேலை. புகைபோக்கிகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கிவிடுவார்கள். காற்று நின்றால் எல்லாவற்றையும் திருப்பிச் செய்ய வேண்டும். 'புகைபோக்கி மேலே, விசிறி கீழே' என்பதுதான் அந்தக்கால மாலுமிகள் காதில் ஓயாமல் விழுந்த ஆணை.

கப்பலில் சுமார் 700 பேர். மாலுமிகள் குடியிருந்ததே பீரங்கித் தளத்தில்தான். இரண்டு பீரங்கிகளுக்கு இடையே ஒரு மேசை, மேசைக்கு 18 பேர். சாப்பிடுவது அங்கே, இரவில் தலைக்கு மேலே ஏணை கட்டித் தூங்குவதும் அங்கே. போர் ஆயத்தம் என்று ஆணை வந்தால் மேசையும் தட்டும் மறைந்து பீரங்கி மட்டும் மிஞ்ச வேண்டும்.

அந்தப் போர் வரவே இல்லை. வாரியர் பகைவரை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. எதிர்க்க யாரும் துணியாதபடி ஒரு கப்பலைக் கட்டினால் நடப்பது அதுதானே? என் கணக்கில் அது முழு வெற்றி. 1863-இல் பிரிட்டன் துறைமுகங்களைச் சுற்றி வந்தபோது லட்சக்கணக்கானோர் ஏறிப் பார்த்தார்கள். ஆனால் புகழ் நிலைக்கவில்லை. 1871-இல் பாய்மரமே இல்லாத 'டெவஸ்டேஷன்' கடலில் இறங்கியது. 1883-இல் வாரியர் பணியிலிருந்து விலக்கப்பட்டது.

பிறகு சிலகாலம் டார்ப்பீடோ பயிற்சிப் பள்ளியின் பகுதியாகக் கிடந்தது. பின்னர் உடைசலுக்கு விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆள் இல்லை. 1929-இல் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக் துறைக்கு இழுத்துப் போய், மேல்தளத்தில் கான்கிரீட் பூசி, எண்ணெய் நிரப்ப வரும் கப்பல்கள் அணையும் மிதவைத் துறையாக்கினார்கள். 1942-இல் பெயரும் பறிபோனது. புதிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு அது தேவைப்பட்டதாம். பழைய கப்பலுக்கு மிஞ்சியது 'எண்ணெய்க் கலம் சி77' என்ற எண்தான். அரை நூற்றாண்டில் சுமார் 5,000 கப்பல்கள் அதன்மேல் அணைந்து எண்ணெய் பிடித்தன. இவ்வளவு உழைத்தும் அடித்தட்டு இற்றுப்போகவில்லை. பீரங்கிக் குண்டைத் தாங்கக் கட்டிய உடல், துரு எத்தனை காலம் அரித்தும் தாங்கியது.

1979-இல் ஹார்ட்டில்பூல் நகருக்குக் கொண்டுபோய் எட்டு ஆண்டுகள் பழுது பார்த்தார்கள். கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள், பாய்மரங்களையும் முகப்புச் சிலையையும் புதிதாகச் செய்தார்கள். 1987 ஜூன் 16 அன்று வாரியர் தன் பழைய பெயரோடு போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்தது. இன்று உள்ளே பார்க்கும் பீரங்கிகளில் பலவும் நகல்கள், இயந்திரமும் நகல். தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பக்கச்சுவரைத் தொடுங்கள். அது 1860-இல் அடித்த அதே இரும்பு.