ஊர்க் கூட்டத்தில் ஒரு வரைபடம்
(வரதய்யபாளையம் தொடர்கல்வி மையத்தில் பேசிய பேச்சு)



வேலை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உடம்பு அசதியாக இருக்கும். வீட்டில் அடுப்பு காத்திருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

இன்று நாம் பேசப் போவது வீட்டுமனையைப் பற்றி.

சத்யவேடு பக்கம் போனாலும், தடா பக்கம் போனாலும் பஸ் ஜன்னல் வழியாகப் பாருங்கள். நேற்று வரை வயலாக இருந்த இடத்தில் வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள். கொடி கட்டியிருக்கிறார்கள். பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். நாம் அதை ‘வெஞ்சர்’ என்கிறோம். சிலர் ‘லேஅவுட்’ என்கிறார்கள். தமிழில் மனைப்பிரிவு என்று சொல்லலாம்.

ஏன் இத்தனை மனைகள்? 2008-இல் நம் பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொடங்கியது. சத்யவேடு மண்டலத்திலும் வரதய்யபாளையம் மண்டலத்திலும் அது பரந்து கிடக்கிறது. தொழிற்சாலைகள் வந்தன. வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு வீடு வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். நிலத்தின் விலை ஏறியது.

வீடு கட்டுவது நல்ல காரியம். அதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது, யாரைக் கேட்டுக் கட்டுவது என்று பேசத்தான் வந்தேன்.

முதலில் என் தங்கையின் கதையைச் சொல்கிறேன்.

அவள் பூ கட்டி விற்றவள். பத்து வருஷம் சீட்டுப் போட்டாள். நகையையும் அடகு வைத்தாள். வேறொரு ஊரில் ஒரு மனை வாங்கினாள். விற்றவர்கள் கொடுத்த நோட்டீசில் பூங்கா இருந்தது. 40 அடி ரோடு இருந்தது. விளக்குக் கம்பம் இருந்தது. எல்லாம் படத்தில் இருந்தன. பத்திரம் தெலுங்கில் இருந்தது. அவள் கைநாட்டு வைத்தாள்.

ஐப்பசி மழை வந்தது. மனை குளம் போல ஆயிற்று. முழங்கால் அளவுத் தண்ணீர். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். “இது ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் அம்மா! என் சின்ன வயதில் இதில் மீன் பிடித்திருக்கிறேன்” என்றார். பூங்கா என்று படத்தில் காட்டிய இடத்திலும் மனைக்கல் நட்டு விற்றிருந்தார்கள். அந்த மனைப்பிரிவுக்கு ஒப்புதலே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என் தங்கை என்னைப் பார்த்துக் கேட்டாள். “எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. நீ படிச்சவதானே அக்கா? நீ ஏன் அந்தக் காகிதத்தைப் பார்க்கலை?”

என்னிடம் பதில் இல்லை. நானும் விலையை மட்டும்தான் கேட்டேன். காகிதத்தைக் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

சரி. ஒரு மனைப்பிரிவு எப்படி வர வேண்டும்?

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளை ஒருவர் கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நகரமன்றத்துக்கு வரைபடம் கொடுக்க வேண்டும். பல நகரங்களில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தபாலில் தகவல் போகும். கூட்டம் போடுவார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். “மழைத்தண்ணீர் எங்கே போகும்? வண்டிகள் எந்த வழியாகப் போகும்? மரங்கள் என்ன ஆகும்?” என்று கேட்பார்கள். அதன் பிறகுதான் மன்றம் முடிவு சொல்லும்.

நம் நாட்டிலும் விதிகள் இருக்கின்றன. வயலை வாங்கிக் கல் நட்டுவிட்டால் அது மனை ஆகிவிடாது. வரைபடம் போட வேண்டும். விண்ணப்பம் தர வேண்டும். நகர ஊரமைப்புத் துறையோ, அந்தப் பகுதிக்கான நகர வளர்ச்சிக் குழுமமோ அதைச் சரிபார்க்க வேண்டும். ஊராட்சிக்கும் அதில் பங்கு உண்டு. ரோட்டுக்கு இடம் விட வேண்டும். பூங்காவுக்கும் பொது இடம் விட வேண்டும். அந்த ரோடும் பொது இடமும் ஊராட்சிக்குச் சேர வேண்டும்.

பொது இடம் எவ்வளவு? பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலேட்டை எடுங்கள்.

நிலம் 10 ஏக்கர்.
ஒரு ஏக்கருக்கு 100 சென்ட்.
10 ஏக்கருக்கு 1,000 சென்ட்.
அதில் பத்தில் ஒரு பங்கு 100 சென்ட். அதாவது ஒரு ஏக்கர்.

அந்த ஒரு ஏக்கரை மூன்று சென்ட் மனைகளாக வெட்டினால் 33 மனை வரும். ஒரு மனை என்ன விலை? அதை 33-ஆல் பெருக்குங்கள். அப்போது தெரியும், பூங்கா ஏன் காணாமல் போகிறது என்று!

இன்னொரு கணக்கு. நம் பக்கத்தில் மனையை அங்கணத்தில் சொல்வார்கள். நெல்லூர்ப் பக்கம் ஒரு அங்கணம் 72 சதுர அடி. திருப்பதிப் பக்கம் 36 சதுர அடி. 20 அங்கணம் என்று சொன்னால் ஒரு கணக்கில் 1,440 சதுர அடி. இன்னொரு கணக்கில் 720 சதுர அடி. சரி பாதி! ஆகவே எத்தனை அங்கணம் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை சதுர அடி என்று கேளுங்கள்.

இப்போது தண்ணீருக்கு வருவோம்.

2021 நவம்பரில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். திருப்பதி நகரத் தெருக்களில் வெள்ளம் ஓடியது. திருப்பதிக்குப் பக்கத்தில் ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டது. கீழே இருந்த ஊர்மக்களை வெளியேறச் சொன்னார்கள். 2015-இல் சென்னை பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை.

தண்ணீருக்குப் பத்திரம் தெரியாது. அது பழைய வழியிலேயே வரும். வழியில் வீடு இருந்தால் வீட்டுக்குள் வரும்.

“பெரிய ஆட்கள் செய்கிறார்கள். நாம் கேட்டு என்ன ஆகப் போகிறது?” என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டதால் ஆன காரியங்கள் மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனவை.

முதலாவது, கர்நாடகத்தில் உடுப்பி. குடியிருப்புப் பகுதியில் ஒரு சினிமாக் கொட்டகை கட்ட நகரமன்றம் அனுமதி கொடுத்தது. அந்த இடத்துக்கான ஊரமைப்புத் திட்டப்படி அங்கே சினிமாக் கொட்டகை கூடாது. அங்கே குடியிருந்த ஒருவர் வழக்குப் போட்டார். 1974-இல் தீர்ப்பு வந்தது. நகரமன்றம் கொடுத்த அனுமதி சட்டத்துக்கு மாறானது என்றது நீதிமன்றம். திட்டத்தைக் காக்க வேண்டியது நகரமன்றத்தின் கடமை. அது தவறினால் குடியிருப்பவர் கேட்கலாம்.

இரண்டாவது, பெங்களூர். ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்கள். குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். மருத்துவமனை நல்லதுதானே என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் 1991-இல் உச்ச நீதிமன்றம் குடியிருந்தவர்கள் பக்கம் நின்றது. பூங்கா எல்லோருக்கும் சொந்தம், அதை ஒருவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது, உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமம். அங்கே குளத்து நிலத்தை வீடு கட்டச் சிலருக்கு ஒதுக்கியிருந்தார்கள். 2001-இல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குளம் குளமாகவே இருக்க வேண்டும் என்றது. இதில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. குளத்தில் மனை வாங்கினால் பிறகு இடத்தை இழக்க வேண்டியது வாங்கியவர்தான்.

உங்களில் பலருக்குத் தமிழ்நாட்டில் சொந்தம் இருக்கிறது. அங்கே நடந்ததையும் கேளுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஒப்புதல் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்றது. விளைநிலங்கள் கண்டபடி மனைகளாக மாறுவதைத் தடுக்கவே அந்த உத்தரவு. ஆனால் முன்பே மனை வாங்கியவர்கள் அதை விற்க முடியாமல் தவித்தார்கள். மகள் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்ட மனை கல்யாணத்துக்கு உதவவில்லை. 2017-இல் அரசு வரன்முறை விதிகள் கொண்டு வந்தது. கட்டணம் கட்டி மனையை முறைப்படுத்தலாம் என்றது. ஒப்புதல் வாங்காமல் விற்றவர் பணத்தோடு போய்விட்டார். வாங்கிய ஏழைதான் மறுபடியும் பணம் கட்டினார்.

ஆகவே முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். எங்கே கேட்பது?

முதல் இடம் கிராம சபை. 1993-இல் அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் நடப்புக்கு வந்தது. அது கிராம சபைக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. ஊர் ஓட்டர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபைதான். சர்பஞ்சும் கிராம சபை, பூ விற்கும் அக்காவும் கிராம சபை. வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது அதிகாரிகள் வேலை. ஆனால் அந்த அதிகாரிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், மாடு எந்த வழியாக மேய்ச்சலுக்குப் போகும், சுடுகாட்டுக்குப் பாதை எது என்று வயதான ஒரு பாட்டிக்குத் தெரியும். அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். சொன்னதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தானே எழுத்துக் கற்றோம்?

இரண்டாவது வழி, 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். “இந்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் உண்டா? வரைபடத்தின் நகல் வேண்டும்” என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். ஆந்திராவில் கிராம அளவில் இந்த மனுவுக்குக் கட்டணம் இல்லை. மண்டல அளவில் 5 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மூன்றாவது, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். இதைச் சுருக்கமாக ‘ரேரா’ என்பார்கள். பெரிய மனைப்பிரிவை விற்பவர் முதலில் ரேராவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அடுத்த முறை நோட்டீஸ் கையில் கிடைத்தால் நடிகர் படத்தைப் பார்க்காதீர்கள். எண் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் இந்தச் சட்டம் சொல்கிறது.

மனை வாங்கப் போகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள்:

ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வில்லங்கச் சான்று எடுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடமானம் இருக்கிறதா என்று அதில் தெரியும்.

சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஏரியா, வாய்க்காலா, புறம்போக்கா என்று தாசில்தார் ஆபீசில் விசாரியுங்கள்.

மழைக்காலத்தில் ஒரு முறை இடத்தைப் போய்ப் பாருங்கள்.

காகிதம் தெலுங்கில் இருந்தால் வெட்கப்படாதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் நம் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற ஊரில் பெண்கள் இரவில் கூடிப் படித்தார்கள். சாராயம் பற்றிய ஒரு பாடம் படித்தார்கள். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கவில்லை. எழுந்து போய்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுவதும் பரவியது. 1993-இல் ஆந்திராவில் சாராயத்துக்குத் தடை வந்தது. அவர்களும் நம்மைப் போலப் பகலில் கூலி வேலை செய்துவிட்டு இரவில் எழுத்துக் கற்றவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. என் தங்கை இப்போது எழுத்துக் கற்கிறாள். தன் பெயரை எழுதுகிறாள். போன மாதம் அவள் ஊர்க் கிராம சபையில் எழுந்து நின்றாள். கை நடுங்கியது என்று சொன்னாள். “வாய்க்கால் எங்கே போச்சு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதியிருக்கிறார்கள். கீழே அவள் கையெழுத்து இருக்கிறது. அவள் மனை இன்னும் சரியாகவில்லை. ஆனால் அவள் கேட்ட பிறகு, அந்த வாய்க்காலில் மனை வாங்க வந்த இரண்டு குடும்பங்கள் யோசித்துத் திரும்பிப் போயிருக்கின்றன.

அடுத்த கிராம சபை எந்தத் தேதியில் என்று நாளைக்கே விசாரியுங்கள். நாம் எல்லோரும் சேர்ந்து போவோம்.